தாயாரின் செலவில் சரிபாதியா?

தெள்ளாரில் பட்டுத்தறி நெய்யும் தம்பியும் வளைகுடாவில் பொருளீட்டும் அண்ணனும், படுக்கையிலுள்ள தாயாரைக் கவனிக்கும் பணிப்பெண்ணின் ஊதியத்தைச் சரிபாதியாகப் பகிர்கின்றனர். சகோதரர்களே, எனக்கு இது நீதியாகப் படவில்லை.

ஆஸ்திரேலியாவில் 2025 நவம்பர் 1 அன்று தொடங்கிய அரசுத் திட்டத்தில், முதியோரின் இல்லத்திற்கே வரும் செவிலியருக்கு எவரும் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. வீட்டைத் துப்புரவு செய்வதற்கோ, புதிதாகச் சேர்வோரில் முழு அரசு ஓய்வூதியம் பெறுபவர் 17.5 விழுக்காடும், வசதி மிக்கவர் 80 விழுக்காடும் தருகின்றனர்.

நம் மாநிலத்தில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மருந்தையும் இயன்முறைச் சிகிச்சையையும் இல்லத்திற்கே இலவசமாகக் கொணர்கிறது. அருகிருந்து பராமரிப்பவரின் ஊதியம் பிள்ளைகளின் பொறுப்பு. வருவாய் மிகுந்த அண்ணன் மிகுதியாக ஏற்கட்டும்.

அதை ஜகாத்தில் கழிக்கலாமா என அவர் வினவினார். கூடாது. வறிய பெற்றோரைப் பராமரிப்பது மகனின் கடமை. தன் கடமைக்கான செலவு ஜகாத்தாகாது.