முழுகாமல் இருப்பவர்கள்



"முழுகாமல் இருக்கிறாள்" என்றால் எங்கள் ஊர்த் தமிழில் என்ன பொருள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். கர்ப்பமாக இருக்கிறாள் என்பது பொருள். மாதவிலக்கு முடிந்து தலைமுழுகும் வழக்கத்திலிருந்து பிறந்த தொடர் அது. எத்தனை நாகரிகமான இடக்கரடக்கல் என்று பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்த காலத்தில் நானும் வியந்ததுண்டு. ஆனால் அந்த நாகரிகத்துக்குள் ஒரு தீர்ப்பும் ஒளிந்திருக்கிறது. ஒரு பெண் முழுகவில்லையென்றால் அதற்கு ஒரேயொரு காரணந்தான் இருக்கமுடியும் என்பதே அந்தத் தீர்ப்பு! மணமானவள் என்றால் மகிழ்கிறோம். மணமாகாதவள் என்றால், கணவனை இழந்தவள் என்றால்... விசாரணையே கிடையாது; நேரே தண்டனைதான்.

2011 ஆம் ஆண்டில் நான் பணியாற்றிய பத்திரிகையின் வாரப் பதிப்புக்குக் கிளிநொச்சி மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவருக்கு வயது இருபத்துமூன்று. முகாமிலிருந்து திரும்பி மீளக்குடியமர்ந்த குடும்பம். 'ஏழு மாதமாக எனக்கு வரவில்லை. நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. அம்மாகூட நம்புகிறா இல்லை. கிளினிக்குக்குப் போனால் ஊர் கதை கட்டும். பதிலைப் பேப்பரில் போடுங்கள்' என்று எழுதியிருந்தார். பெயருமில்லை, முகவரியுமில்லை.

நான் அதைப் போடவில்லை. 'இது குடும்பப் பத்திரிகை' என்று சொல்லி மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டேன். அதே வாரத்தில் ஒரு பூப்புனித நீராட்டு விழா வாழ்த்து விளம்பரத்தை, சிறுமியின் வண்ணப்படத்தோடு, அரைப்பக்கத்தில் பிரசுரித்தோம். அது குடும்பப் பத்திரிகைக்கு உகந்ததாக இருந்தது!

ஒரு சிறுமிக்கு முதல் இரத்தம் வந்ததை ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கிறோம். வன்னியில் கடன்பட்டுச் செய்கிறோம். லண்டனிலும் ரொறன்ரோவிலும் மண்டபம் எடுத்துச் செய்கிறோம். அதே இரத்தம் ஒருநாள் வராமல் நின்றால் அவளோடு பேச ஊரில் ஒரு ஆளில்லை. இதற்குப் பெயர் பண்பாடா?

அந்தப் பெண்ணின் உடலில் என்ன நடந்திருக்கக்கூடும் என்பது உலகம் அறிந்த செய்தி. இரண்டாம் உலகப்போரின்போது ஹொங்கொங்கின் ஸ்ரான்லி முகாமில் யப்பானியர் அடைத்துவைத்த பெண்கள் பலருக்கு மாதவிலக்கு நின்றுபோனது. 1946 இல் பிரித்தானிய மருத்துவ இதழ் ஒன்றில் இதுபற்றிய கட்டுரையே வெளிவந்தது. 1944-45 குளிர்காலத்தில் பட்டினியில் வாடிய நெதர்லாந்திலும் இதுவே நடந்தது. உணவு குறைந்து, எடை இறங்கி, மனம் அச்சத்தில் உறையும்போது மூளை, சூலகங்களுக்கு அனுப்பும் சமிக்ஞையைக் குறைத்துவிடுகிறது. உயிர் தப்புவதே பெரும்பாடான வேளையில் கருத்தரிப்பு வேண்டாமென்று உடல் எடுக்கும் முடிவு அது. முள்ளிவாய்க்காலின் பதுங்குகுழிகளிலும், பின்னர் செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமின் தறப்பாள் கூடாரங்களிலும் கிடந்த எங்கள் பெண்களின் உடல்கள் வேறு விதமாகவா இயங்கியிருக்கும்? மெனிக் பாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. எங்கள் வாய்களோ அதற்கு முன்பும் மூடித்தான் இருந்தன, பின்பும் மூடித்தான் இருக்கின்றன.

அரசின் பங்கையும் சொல்லியாக வேண்டும். 2013 ஆகஸ்ட்டில் கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், வலைப்பாடு, கிராஞ்சி கிராமங்களின் தாய்மார், போதிய விளக்கமோ மனமொப்பிய சம்மதமோ இன்றித் தங்கள் கைகளில் கருத்தடைக் குச்சி பதிக்கப்பட்டதாக முறையிட்டது செய்தியாயிற்று. அந்தக் குச்சியும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியும் மாதவிலக்கைக் குழப்பும். சிலருக்கு முற்றாக நிறுத்தும். அது ஆபத்தானதல்ல. ஆனால் விளக்கிச் சொல்லப்படாத பெண்ணுக்கு அது திகில். கிளினிக் என்றாலே சந்தேகங்கொள்ளும் மனநிலையை இத்தகைய சம்பவங்களே வளர்த்தன.

குடும்பநல மாது வீடுவீடாக வருகிறார், உண்மை. அவரது பணியின் மையம் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளுந்தான். 1996 முதல் நாட்டில் இயங்கிவரும் சுகநல மகளிர் கிளினிக்குகள் முதன்மையாக முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கானவை. இருபத்துமூன்று வயதில் மணமாகாத ஒருத்தி எந்த வரிசையில் நிற்பாள்? வெளிநோயாளர் பிரிவில் பத்துப்பேர் காதுகொடுத்திருக்க, "கலியாணம் முடிச்சிட்டீங்களா?" என்ற கேள்வியே முதலில் வந்தால் அவள் மறுபடி அந்தப் படியேறுவாளா? 2024 மே மாதத்தில், நெதர்லாந்தின் நிதியுதவியில், கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் பெண்களுக்கான பெரிய சிகிச்சை நிலையம் திறந்துவைக்கப்பட்டது. கட்டடம் வந்துவிட்டது. அதன் வாசலில் எங்கள் ஊர்வாய் காவல் நிற்கிறதே, அதை யார் அகற்றுவது?

நான் அன்று போடாத பதிலை இன்று எழுதுகிறேன்.

தங்கச்சி, இரத்தம் கண்ட முதல் நாளிலிருந்து அடுத்தமுறை காணும் முதல் நாள்வரை எண்ணுங்கள். இருபத்தொன்று முதல் முப்பத்தைந்து நாள்வரை இயல்பானது. சில நாள் முன்பின்னாவதும் இயல்பானது. பெரியபிள்ளையான முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளில் ஒழுங்கின்மை சாதாரணம். கருத்தரிக்கச் சிறிதளவேனும் வாய்ப்பிருந்தால், ஒரு வாரம் பிந்தியதும் பாமசியில் விற்கும் பட்டியால் சிறுநீரைச் சோதியுங்கள். வேறு எவரும் அறியவேண்டியதில்லை.

வாய்ப்பேயில்லை என்றாலும் தொடர்ந்து மூன்று மாதம் வராவிட்டால் வைத்தியரிடம் போகவேண்டும். பதினைந்து வயதாகியும் பெரியபிள்ளையாகாத சிறுமியையும், நாற்பத்தைந்துக்கு முன்பே நின்றுபோன பெண்ணையும் அழைத்துச்செல்லவேண்டும். முகத்தில் மயிர் அடர்ந்தாலோ, எடை காரணமின்றி ஏறியிறங்கினாலோ, தாய்ப்பாலூட்டாத மார்பில் பால் கசிந்தாலோ, தலைவலியோடு பார்வை மங்கினாலோ மூன்று மாதம் காத்திருக்கவேண்டாம்.

தைரொயிட் சுரப்பியின் கோளாறு காரணமாகலாம். சூலகத்தில் பல நீர்க்கட்டிகள் தோன்றும் நோய் காரணமாகலாம். பத்துப் பெண்களில் ஒருவர் வரை இந்நோய்க்கு ஆளாகின்றனர். துயரமும் பட்டினியும் காரணமாகலாம். இரத்தப் பரிசோதனையும், வயிற்றின்மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கானும் பெரும்பாலும் விடையைத் தந்துவிடும். உட்பரிசோதனை வேண்டாமென்று சொல்ல உங்களுக்கு உரிமையுண்டு. எள்ளும் பனங்கட்டியும் நல்ல உணவு. ஆனால் அவை நோயைக் கண்டுபிடிக்கமாட்டா. மாதக்கணக்கில் கவனியாது விட்டால், காரணத்தைப் பொறுத்து, எலும்பு நலியலாம், கருப்பையின் உட்சுவர் தடித்துப் பிற்காலத்தில் தீங்காகலாம்.

ஒன்றை மட்டும் மணமானவர்களும் ஆகாதவர்களும் மறக்கக்கூடாது. நாள் பிந்தியிருக்க, அடிவயிற்றின் ஒருபக்கம் கடுமையாக வலித்து, மயக்கமோ தோள்மூட்டில் நோவோ வந்தால் அக்கணமே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருக்கக்கூடும். ஊர் என்ன சொல்லுமென்று யோசிக்கும் நேரத்தில் உயிர் போய்விடும்.

கடைசியாக, அம்மாமாருக்கு ஒரு சொல். உங்கள் மகளுக்கு நாள் பிந்தினால் முதற்கேள்வியாக "யாரவன்?" என்று கேளாதீர்கள். "சாப்பிட்டியா, நித்திரை கொண்டியா, எத்தனை நாளாச்சு?" என்று கேளுங்கள். பிறகு கூடவே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சாமத்தியச் சடங்கில் அவளுக்குப் பக்கத்தில் பெருமையோடு நின்றவர்கள் நீங்கள்தானே?

என் மேசை இழுப்பறைகள் இன்னும் பல பத்திரிகை அலுவலகங்களில் இருக்கின்றன. அவற்றைத் திறக்கவேண்டியவர்கள் என் தொழிலைச் சேர்ந்தவர்கள்.