ஓ.பி. நேரமும் பஸ் நேரமும்

டவுன்ல இருக்கிறவங்களுக்கு ஒரு கணக்கு சொல்றேன். சாதாரணக் காய்ச்சல்னா காரைக்கால் அரசு பொது மருத்துவமனை போதும். பெரிய வியாதின்னா புதுச்சேரி ஜிப்மர்தான். எங்க காரைக்கால்மேட்டுலேர்ந்து சுமார் 130 கிலோமீட்டர். யூனியன் பிரதேசம் ஒண்ணுதான், ஆனா நடுவுல மயிலாடுதுறை, கடலூர்னு தமிழ்நாட்டு மாவட்டங்கள். காலையில ஓ.பி. சீட்டு வாங்கணும்னா விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே பஸ் ஏறணும். ஒரு நாள் கூலி போச்சு. துணைக்குப் போறவருக்கும் சேர்த்தா ரெண்டு. அதனாலதான் 'அறுப்பு முடியட்டும், பாத்துக்கலாம்'னு நெஞ்சுவலியைக்கூடத் தள்ளிப்போடுறாங்க.

விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்குவழிச் சாலை நல்லதுதான். ஆனா கார் இல்லாதவங்களுக்கு ரோடு மட்டும் போதுமா? ரோடு போடுறது ஒரு துறை, பஸ் விடுறது ஒரு துறை, வைத்தியம் பாக்குறது இன்னொரு துறை. எல்லாத் துறையோட திட்டத்துலயும் மக்கள் ஆரோக்கியத்தைச் சேர்த்து யோசிக்கணும்னு 2013-லயே ஹெல்சிங்கி மாநாட்டுல உலக சுகாதார நிறுவனம் பேசியாச்சு.

நான் கேக்குறது சின்ன விஷயம். பஸ் நேரத்தை முடிவு பண்றப்ப, ஆஸ்பத்திரி ஆள் ஒருத்தரையும் கூட உக்கார வைங்க. புதுச்சேரி, தமிழ்நாடு ரெண்டு பக்கத்து அதிகாரிகளும் ஒரே மேசையில உக்காரணும். ஓ.பி. திறக்கிறதுக்குள்ள போய்ச் சேர்ற மாதிரி ஒரு பஸ், மருந்து வாங்கினதும் திரும்ப ஒரு பஸ். இதுக்குப் புதுசா ரோடு போட வேண்டியதில்லை.