எந்தப் புத்தகத்தின் பாட்டு அது?



"என் மகன் எந்நேரமும் ஏதோ கூச்சலைக் கேட்டுக்கிட்டே இருக்கான், டீச்சர். நீங்கதான் சொல்லணும்." தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்து இடைநிலைப்பள்ளிக்குச் சென்றுவிட்ட பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர்கள் இவ்வாறு முறையிடுவது புதிதன்று. மின் கிட்டாரின் இரைச்சலும் இடிபோன்ற மத்தளமும் கலந்த 'மெட்டல்' இசை என்றால் பெற்றோரின் கவலை இரட்டிப்பாகிறது. 2001ஆம் ஆண்டில் 'பிளேக் மெட்டல்' இசையைப் பற்றி நம் நாட்டில் எழுந்த பரபரப்பு இன்னும் பலருடைய நினைவில் இருக்கிறது. ஆகவே இவ்வச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். பிள்ளையின் காதுக்குள் என்ன போகிறது என்று அறிய விரும்புவது பெற்றோரின் கடமை.

ஆயினும், தடை விதிப்பதற்கு முன்பு ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. 'அது எந்தப் புத்தகத்தின் பாட்டு?' என்பதே அக்கேள்வி.

இக்கேள்வி சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால், மாயக்கற்பனை நாவல்களைப் படித்த இசைக்கலைஞர்கள் அவற்றிலிருந்து முழு இசைத்தொகுப்புகளையே உருவாக்கும் வழக்கம் மேலைநாடுகளில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இருந்து வருகிறது. அத்தொகுப்புகளை இரசிகர்கள் வரவேற்கும் விதத்தில் நாம் வகுப்பறையில் உண்டாக்க முயன்று, பல வேளைகளில் தோற்றுப்போகும் ஒரு வாசிப்புப் பழக்கம் இயல்பாகவே நடைபெறுகிறது. அதனை எடுத்துக்காட்டவே இக்கட்டுரை.

ஒரு ஜெர்மானியக் குழுவும் ஒரு கடினமான நூலும்

ஜே. ஆர். ஆர். டோல்கீன் என்னும் ஆங்கிலப் பேராசிரியரை 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' திரைப்படங்களின் வழி நம் பிள்ளைகள் அறிவார்கள். அவர் 1973இல் மறைந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1977இல், அவருடைய மகன் கிறிஸ்டோபர் தொகுத்து வெளியிட்ட நூல் 'தி சில்மரில்லியன்'. அது எளிதான நூலன்று. பக்கத்துக்குப் பக்கம் புதிய பெயர்கள், குலங்கள், போர்கள்! பழைய புராண வரலாறு போன்ற நடை. டோல்கீனின் மற்ற நாவல்களை விரும்பிப் படித்தவர்களே இதனைப் பாதியில் மூடி வைத்ததுண்டு.

இந்நூலைக் கருவாகக் கொண்டு ஜெர்மனியைச் சேர்ந்த 'பிளைண்ட் கார்டியன்' என்னும் குழு 1998இல் 'நைட்ஃபால் இன் மிடில் எர்த்' என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டது. அதில் 22 பகுதிகள் உள்ளன. பதினொன்று முழுப்பாடல்கள். எஞ்சிய பதினொன்றும் உரையாடலாகவும் சிறு இசையாகவும் அமைந்து, கதையின் நிகழ்ச்சிகளை இணைக்கும் இடைப்பகுதிகள். நூலில் இறுதியாக வரும் பெரும்போரின் காட்சியோடு தொகுப்பு தொடங்கி, பின்னர் பழைய கதைக்குத் திரும்புகிறது. நூலைப் படிக்காதவருக்கு இவ்வமைப்பு விளங்காது. படித்தவருக்கோ, ஏன் இப்படித் தொடங்கினார்கள் என்ற கேள்வி உடனே எழும்.

ஓர் எடுத்துக்காட்டு கூறுகிறேன். ஃபியனோர் என்பவன் ஒளி மிகுந்த மூன்று மணிக்கற்களைச் செய்கிறான். அவற்றைத் தீயவனான மோர்கோத் திருடிச் செல்கிறான். அவற்றை மீட்பதற்காக ஃபியனோரும் அவனுடைய ஏழு மகன்களும் சூளுரைக்கின்றனர். கடலைக் கடப்பதற்குக் கப்பல் கிடைக்காதபோது, தம் சொந்த இனத்தாரையே கொன்று கப்பல்களைப் பறிக்கின்றனர். நூலாசிரியர் இதனைத் தொலைவில் நின்று, வரலாறு எழுதுபவரைப்போல் கூறிச் செல்கிறார். கொலை செய்தவனின் உள்ளத்துக்குள் அதிகம் நுழைவதில்லை. இசைத்தொகுப்பிலோ, ஃபியனோர் தன்வாயாலேயே தன் மனவடுவைப் பாடுகிறான். நூலில் இறுதிவரை செருக்குக் குறையாத ஒருவன் இப்படி வருந்துவானா? இது பாத்திரப் படைப்பைப் பற்றிய கேள்வி. நாம் இலக்கியப் பாடத்தில் கேட்கும் கேள்வியும் இதுவேயன்றோ?

இரசிகர்களின் வரவேற்பு

இத்தகைய தொகுப்பு வெளிவந்தவுடன் இரசிகர்கள் செய்யும் முதல் வேலை ஒப்பிடுதல். எந்தப் பாடல் எந்த அத்தியாயம், பாடுகின்ற குரல் யாருடையது, எந்த நிகழ்ச்சி விடுபட்டது, எது மாற்றப்பட்டது என்று வரிவரியாகப் பார்க்கிறார்கள். ஃபிங்கோல்ஃபின் என்னும் மன்னன் தனியொருவனாக மோர்கோத்தின் வாயிலுக்குச் சென்று போரிட்டு, ஏழு காயங்களை ஏற்படுத்திவிட்டு மடியும் காட்சியைக் கூறும் பாடல் ஒன்று அத்தொகுப்பில் உண்டு. அதைக் கேட்டவர் நூலைத் திறந்து அந்தப் பக்கத்தைத் தேடுகிறார். பாடலில் ஒரு வரியாகச் சுருங்கியது நூலில் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று காண்கிறார். அல்லது நூல் ஒரே வாக்கியத்தில் கடந்து சென்றதைப் பாடல் எவ்வளவு நேரம் நின்று பார்க்கிறது என்று உணர்கிறார்.

எல்லாரும் பாராட்டுவதில்லை. இடைப்பகுதிகள் பாட்டின் ஓட்டத்தைத் தடுக்கின்றன என்பார் சிலர். அவை இல்லாவிட்டால் கதையே இல்லை என்பார் வேறு சிலர். இதே குழு 2019இல் மார்க்குஸ் ஹைட்ஸ் என்னும் ஜெர்மானிய எழுத்தாளரோடு இணைந்து, அவருடைய நாவலோடு தொடர்புடைய 'லெகசி ஆஃப் தி டார்க் லேண்ட்ஸ்' என்ற தொகுப்பை வெளியிட்டது. அதில் மின் கிட்டார் இல்லை. முழுவதும் பல்லிய இசைக்குழுவும் பாடகர் குழுவும்தான். பழைய இரசிகர்கள் சிலர் ஏமாற்றமடைந்தனர். சிலர் அதன் துணிவைப் போற்றினர். பிடிக்கவில்லை என்பதற்கும் பிடித்திருக்கிறது என்பதற்கும் காரணம் கூறினர் என்பதே நமக்கு முக்கியம்.

இன்னொரு வகை இரசிகரும் உள்ளனர். பாட்டை முதலில் கேட்டு, 'இந்த ஃபியனோர் யார்?' என்ற ஆவலால் நூலைத் தேடிச் சென்றவர்கள் இவர்கள். எந்த ஆசிரியரும் கட்டாயப்படுத்தாமல், எந்தத் தேர்வும் இல்லாமல், கடினமான ஒரு நூலை ஓர் இளைஞர் எடுத்துப் படிக்கிறார் என்றால், அவரை அங்கே அழைத்துச் சென்ற பாட்டை நான் 'கூச்சல்' என்று ஒதுக்க மாட்டேன்.

நூலுக்கு உண்மையாக இருப்பது எப்படி?

நாவலை இசையாக்குவதில் பல வழிகள் இருக்கின்றன. மெட்டல் இசை அவற்றுள் ஒன்று மட்டுமே.

டோல்கீன் வாழ்ந்த காலத்திலேயே, 1967இல், டொனால்ட் சுவான் என்னும் இசையமைப்பாளர் அவருடைய கவிதைகளுக்கு மெட்டமைத்தார். ஒரு கவிதைக்குத் தம் மனத்தில் வேறொரு மெட்டு இருப்பதாகக் கூறி, தேவாலயப் பழம்பாடல் போன்ற ஓர் இசையை டோல்கீனே முணுமுணுத்துக் காட்ட, சுவான் அதனையே ஏற்றுக்கொண்டார். நூலாசிரியரும் இசையமைப்பாளரும் அமர்ந்து பேசி முடித்த அரிய நிகழ்வு அது.

சுவீடன் நாட்டின் பூ ஹான்சன் 1970இல் வெளியிட்ட தொகுப்பில் பாடல்வரியே இல்லை. ஆர்கன் இசையை முதன்மையாகக் கொண்டு 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையின் காட்சிகளை அவர் வாசித்துக் காட்டினார். நெதர்லாந்தின் யோஹான் டி மெய் அதே நாவலைக் கொண்டு காற்றிசைக் கருவிக் குழுவுக்கு ஐந்து பகுதிகள் கொண்ட சிம்ஃபொனி ஒன்றை இயற்றினார். அதில் கோலம் என்னும் இரங்கத்தக்க, ஆனால் வஞ்சகமான பாத்திரத்தைச் சோப்ரானோ சாக்சஃபோன் என்னும் கருவி குறிக்கிறது. டென்மார்க்கின் 'தி டோல்கீன் என்செம்பிள்' குழுவோ, 1997 முதல் 2005 வரை வெளியிட்ட நான்கு தொகுப்புகளில், அந்நாவலில் வரும் கவிதைகள் அனைத்தையும் ஒரு சொல்லும் மாற்றாமல் இசையமைத்தது.

இவற்றுள் எது நூலுக்கு உண்மையானது? சொல்லை மாற்றாதது மட்டுமே உண்மையானது என்றால், ஹான்சனின் சொல்லில்லாத இசையை என்ன செய்வது? இரசிகர்களிடையே இதுபற்றி ஒருமித்த கருத்து இல்லை. என் கருத்தைக் கேட்டால், நல்ல தொகுப்பு என்பது ஒரு வகை உரை. உரையாசிரியர் மூலத்தைத் திருப்பிச் சொல்வதோடு நிற்பதில்லை. தாம் கண்ட பொருளைச் சொல்கிறார். அதனை ஏற்பதும் மறுப்பதும் மூலத்தைக் கற்றவரின் உரிமை. மூலத்தைக் கற்காதவர் அந்த விவாதத்தில் பங்குபெற முடியாது. அதனால்தான் இரசிகர்கள் மீண்டும் மீண்டும் நூலுக்குத் திரும்புகிறார்கள்.

நூலகத்தில் பாடிய சகோதரர்கள்

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பால், ஜோ டிஜார்ஜ் என்னும் சகோதரர்கள் 2002இல் 'ஹேரி அண்ட் தி பாட்டர்ஸ்' என்ற குழுவைத் தொடங்கினர். இருவருமே ஹேரி பாட்டராகக் கழுத்துப்பட்டை அணிந்து மேடையேறினர். ஒருவர் நான்காம் ஆண்டு மாணவரான ஹேரி, மற்றவர் ஏழாம் ஆண்டு மாணவரான ஹேரி! அவர்கள் மிகுதியாகப் பாடிய இடங்களுள் பொது நூலகங்கள் குறிப்பிடத்தக்கவை. புத்தக அடுக்குகளுக்கு நடுவே சிறுவர்கள் குதித்தாடிப் பாடலைக் கேட்டனர்.

அடுத்து நடந்ததுதான் சிறப்பு. கேட்டவர்கள் கேட்டவர்களாகவே நின்றுவிடவில்லை. தாங்களும் குழு அமைத்தனர். ஹேரியின் பகைவனான டிராகோவின் பக்கத்திலிருந்து பாட 'டிராகோ அண்ட் தி மால்ஃபாய்ஸ்' தோன்றியது. அடிக்கும் மரம் ஒன்று அக்கதையில் உண்டல்லவா? அந்த மரத்தின் பெயரையே தாங்கி, மரத்தின் குரலாகப் பாடும் 'தி வொம்பிங் வில்லோஸ்' என்ற குழுவும் தோன்றியது. இவர்களுள் பலருடைய இசை எளிமையானது. சுருதி பிசகுவதும் உண்டு. இரசிகர்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை. கதையில் வாய்திறக்காத ஒரு மரம் என்ன நினைக்கும் என்று எண்ணிப் பார்த்ததே அவர்களுக்கு மகிழ்ச்சியளித்தது. 'கதைமாந்தர் ஒருவராக உன்னைக் கற்பனை செய்து எழுது' என்று நாம் கட்டுரைத் தலைப்புக் கொடுக்கும்போது எதிர்பார்ப்பதும் இதனைத்தான்.

எழக்கூடிய மறுப்புகள்

'பாட்டைக் கேட்டுவிட்டால் கதை தெரிந்துவிட்டது என்று பிள்ளைகள் நூலைத் தொடாமல் விட்டுவிட மாட்டார்களா?' என்று கேட்கலாம். சிலர் விட்டுவிடுவர். திரைப்படம் பார்த்துவிட்டு நாவலை விடுபவர்களும் உள்ளனர். ஆனால் திரைப்படம் கதையை முழுமையாகச் சொல்லிவிடுகிறது. பாட்டோ பெரும்பாலும் பாதிதான் சொல்கிறது. மீதியை அறிய நூல் தேவைப்படுகிறது.

'பாடல்வரிகள் பிள்ளைகளுக்கு ஏற்றவையா?' இது நியாயமான கேள்வி. எல்லா மெட்டல் இசையும் ஒன்றல்ல. எல்லாத் தொகுப்புக்கும் பின்னால் நல்ல நூல் இருப்பதுமில்லை. வன்முறையைக் கொண்டாடுவதற்காகவே எழுதப்பட்ட வரிகளும் உண்டு. பெற்றோர் வரிகளைப் படித்துப் பார்க்கட்டும். தகாதவை என்று கண்டால் மறுக்கட்டும். ஆனால் ஒலியை மட்டும் கேட்டுத் தீர்ப்பு வழங்க வேண்டாம். 'சில்மரில்லியன்' பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு உரிய நூலன்று என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அவ்வயதுக்கு வேறு நூல்கள் உள்ளன.

'இவை ஆங்கில நூல்கள். தமிழாசிரியருக்கு இதனால் என்ன பயன்?' என்பார் சிலர். பாத்திரத்தின் உள்ளத்தை அறிவதும், விடுபட்டதைக் கண்டுபிடிப்பதும், கருத்துக்குக் காரணம் கூறுவதும் எந்த மொழிக்கும் பொதுவான திறன்கள். ஆங்கிலத்தில் கேட்டதைப் பிள்ளை நம்மிடம் தமிழில் விளக்கட்டும். அதைவிட நல்ல பேச்சுப் பயிற்சி வேறென்ன வேண்டும்?

நாம் செய்யக்கூடியது

நம் பள்ளிகளில் 'நிலாம்' வாசிப்புத் திட்டம் நடைபெற்று வருகிறது. மாணவர்கள் நூலின் பெயர், ஆசிரியர், சுருக்கம் ஆகியவற்றைப் பதிவு செய்கிறார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் எண்ணிக்கையைப் பெருக்குவதற்காக மெல்லிய நூல்களைத் தேடி, பின்னட்டைக் குறிப்பைப் பார்த்து எழுதும் மாணவர்கள் இருப்பதை நாம் அறிவோம். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பிறகு நமக்குச் சற்று மூச்சுவிட இடம் கிடைத்திருக்கிறது. அந்த இடத்தில் ஒரு சிறு முயற்சியைச் செய்யலாம். படித்த கதை ஒன்றிலிருந்து, அதிகம் பேசாத ஒரு பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்து, அது பாடுவதாக எட்டு வரிகள் எழுதச் சொல்வோம். தெரிந்த மெட்டிலேயே பாடட்டும். கேட்கும் மாணவர்கள், 'கதையில் அப்படி இல்லையே!' என்று மறுக்கட்டும். மறுப்பவர் பக்கத்தைத் திறந்து காட்ட வேண்டும் என்பது மட்டுமே விதி.

பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள் இன்னும் எளிது. பிள்ளையின் இசையை நிறுத்தச் சொல்வதற்கு முன்பு பத்து நிமிடம் அருகில் அமருங்கள். பாடுவது யார், அவனுக்கு என்ன நேர்ந்தது, நூலில் அது எப்படி வருகிறது என்று கேளுங்கள். நூல் எதுவும் இல்லை என்றால் உங்கள் முடிவை நீங்களே எடுங்கள். நூல் இருக்கிறது, ஆனால் பிள்ளை இன்னும் படிக்கவில்லை என்றால், அந்த நூலை வாங்கிக் கொடுங்கள். அல்லது நூலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.

சிந்திப்போம். உங்கள் பிள்ளைகளிடம் கேட்டறிந்ததை எனக்கும் தெரிவியுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியை