வெல்லத்துக்கு இறங்காத தூசு

காசிமேட்டில் விசைப்படகு கரையேறினால் தச்சர்களுக்கு வேலை. உளுத்த பலகையைக் கழற்றி, புதுப்பலகையை இழைத்து, ஃபைபர் பூசும் முன் கிரைண்டரால் தேய்ப்பார்கள். முகத்தில் ஒரு துண்டு. பொடித்தூசு அதற்குள் தாராளமாகப் புகும். சாயங்காலம் ஒரு கட்டி வெல்லம்: “தூசெல்லாம் இறங்கிடும்.” வெல்லம் இரைப்பைக்குப் போகிறது, தூசு நுரையீரலில் கிடக்கிறது.

மரம்தானே என்று அலட்சியம். தேக்கிலுள்ள லாபச்சால் வகைச் சேர்மங்கள் தோலை அரிக்கும்; ஈட்டி மரமும் அப்படியே. வட அமெரிக்கச் செஞ்சிடாரின் பிளிகாட்டிக் அமிலம் ஆஸ்துமாவையே கொண்டுவரும். உடம்பு பழகிவிடும் என்பது வீண் நம்பிக்கை. ஒவ்வாமை ஒருமுறை பற்றிவிட்டால் பிறகு சிட்டிகைத் தூசே போதும். லீவு போட்டால் இருமல் தணியும்; ஆனால் அது பெரும்பாலும் ராத்திரியில்தான் வரும். அதனால் பழி கடற்காற்றின் மேல் விழுகிறது. எண்ணூர்ப் பக்கம் குறை சொல்லப் புகைபோக்கிகளும் உண்டு. என்ன வேலை செய்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டாலே பாதி நோய் பிடிபடும்.

மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே அறிவித்துவிட்டது.

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் தொழில்வழி ஆஸ்துமாவுக்கும் இடமிருந்தது. ஆனால் ஒரே முதலாளியிடம் ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும் என்றது அது. இன்று இந்தப் படகு, நாளை அந்தப் படகு என்று கூலிக்குப் போகிறவர் யாரை முதலாளி என்று எழுதிக்கொடுப்பார்? விசைப்படகு டீசலுக்கு மானியம் தரும் அரசு, பழுதுபார்க்கும் தளத்துக்கு நாலு தூசு உறிஞ்சிகள் வாங்கித் தரலாம்.