ஆய்வகக் கதவு திறக்கும் முன்னே

நெய்வேலிக்காரர் எவரும் அறிந்த செய்தி இது. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் பேரழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவு பகலாய் இறைத்தால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும். 1957-இல் சுரங்கப்பணி தொடங்கிய காலந்தொட்டு இதே பாடுதான். நீர் மேலேறிய பிறகு பம்பைத் தேடுவார் அங்கில்லை. கிணறுகளில் நீர்மட்டத்தை அளந்தபடியே இருப்பர்.

கல்லூரிக் கணிப்பொறி ஆய்வகங்களிலோ, செய்முறைத் தேர்வன்று காலையில்தான் எந்தப் பொறி உயிரோடிருக்கிறது என்று பார்க்கிறோம்! வீட்டில் கணிப்பொறி உள்ளவருக்கு இது பெரிதல்ல. மந்தாரக்குப்பத்திலிருந்து பேருந்தேறி வந்து, ஆய்வக நேரம் ஒன்றையே நம்பியிருக்கும் மாணவியின் நிலை என்ன? ஒரு பொறிமுன் இருவர் அமர்ந்தால் விசைப்பலகையைத் தொடுபவர் ஒருவரே.

தொலைவிலிருந்து சோதிக்கப் பெரிய மென்பொருள் வாங்க வேண்டும் என்பர் சிலர். நான் அதை ஏற்கவில்லை. 1983 டிசம்பரில் அமெரிக்க இராணுவ ஆய்வுக்கூடமொன்றில் மைக் மியூஸ் என்பவர் ஒரே மாலையில் எழுதிய 'பிங்' என்னும் சிறு நிரல் இன்று ஏறக்குறைய எல்லாக் கணிப்பொறியிலும் இலவசமாய் இருக்கிறது. கடலடியில் ஒலியனுப்பி எதிரொலி கேட்கும் சோனார் கருவியின் ஓசையே அதன் பெயராயிற்று. வேலையும் அதுவே: "இருக்கிறாயா?" என்று கேட்கும், பதில் வர எத்தனை மில்லிநொடி ஆயிற்று என்று சொல்லும்.

பதிலில்லையெனில் பொறி செத்தது என்று பொருளல்ல. மின்சாரம் போடாதிருக்கலாம், பயர்வால் மறித்திருக்கலாம். ஒரு வரிசை முழுதும் மௌனமானால் முதலில் சுவிட்சைப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டுமெனில் அதன் கேபிளை. வன்தட்டோ தன் பழுதான பகுதிகளைத் தானே கணக்கு வைக்கிறது. தக்க மென்பொருளிருந்தால் அதையும் இன்னொரு பொறியிலிருந்து படிக்கலாம். எழுத்தழிந்த விசைப்பலகையை மட்டும் நேரில் போய்த்தான் காண வேண்டும். (மாணவர் திரையை எட்டிப் பார்ப்பது வேறு சங்கதி, அதை நான் கேட்கவில்லை.)

முதல் வகுப்புக்கு முன் மூன்றாமாண்டு மாணவர் இருவர் முறைவைத்து, பொறிகளையெல்லாம் போட்டு, ஆசிரியர் மேசையிலிருந்தே ஒவ்வொன்றையும் அழைத்துப் பார்க்கட்டும். பேசாதவற்றின் எண்ணைத் தேதியிட்டு ஒரு நோட்டில் குறிக்கட்டும். பழுது பார்க்க வருபவரிடம் "சிலது ஓடவில்லை சார்" என்று தலைசொறிய வேண்டாம். "14-ஆம் எண் 3 நாளாய்ப் பதில் தரவில்லை, கேபிள் மாற்றியும் பார்த்தாயிற்று" என்று சொல்லலாம். நோட்டின் விலையை மாணவர் மன்றம் கொடுத்துவிடும் என்று நம்புகிறேன்.