மூளைக்காயமும் பாலுறவும்: பேச்சை நாமே தொடங்க வேண்டும்

மூளைக்காயத்துக்குப் பிந்தைய மறுவாழ்வு சிகிச்சையில் பாலுறவு பற்றிய பேச்சும் அடக்கம். அந்தப் பேச்சை எடுக்க வேண்டியவர் சிகிச்சை தருபவரே. நோயாளி கேட்கட்டும் என்று காத்திருப்பது தவறு. இதுவே எங்கள் அமைப்பின் நிலைப்பாடு.

டிஸ்சார்ஜ் நாளில் நடப்பதைப் பாருங்கள். பைக் விபத்தில் தலையில் அடிபட்ட கணவர் வீல்சேரில் இருக்கிறார். மனைவி மாத்திரைப் பையோடு நிற்கிறார். தலைக்குக் குளிக்கலாமா, வண்டி எப்போது ஓட்டலாம், கறி மீன் கொடுக்கலாமா என்று வரிசையாகக் கேட்கிறார். இன்னொன்று கேட்க வாயெடுத்தவர், மாமியார் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொள்கிறார். கேட்டால் சொல்லலாம் என்று மருத்துவரும் இருந்துவிடுகிறார்.

வீட்டுக்குப் போனபின் யார் விளக்குவது? மூளையின் முன்பகுதி அடிபட்டால் ஆசையே அற்றுப்போகலாம். அல்லது கட்டுப்பாடு தளர்ந்து, இடம் பார்க்காமல் பேசவும் தொடவும் நேரலாம். பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டால் பாலியல் ஹார்மோன்கள் குறையலாம், பெண்களுக்கு மாதவிடாய் தவறலாம். மனச்சோர்வுக்கும் வலிப்புக்கும் தரும் மாத்திரைகளில் சில நாட்டத்தைக் குறைக்கும். ரத்தப் பரிசோதனை செய்து, மருந்தை மாற்றிப் பார்த்தால் இவற்றில் சில சரியாகக்கூடும். இது தெரியாமல்தான் 'என்மேல் அவருக்குப் பிடித்தம் போய்விட்டது' என்று ஒரு பெண் வருடக்கணக்கில் மனதுக்குள் புழுங்குகிறார். ஊட்டிவிட்டு, உடம்பு துடைத்துவிட்டு, இரவில் மனைவியாகவும் இருப்பது எவ்வளவு கடினம் என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை.

இப்படிக் கட்டுப்பாடு தளர்ந்து வார்டில் நர்ஸின் கையைப் பிடித்து இழுக்கும் நோயாளியைப் பொறுக்கி என்று ஒதுக்குவதை நாங்கள் ஏற்கவில்லை. நர்ஸ் சகித்துக்கொள்ள வேண்டும் என்பதையும் ஏற்கவில்லை. "கையை விடுங்க, இது சரியில்லை" என்று குரல் உயர்த்தாமல் உடனே சொல்ல வேண்டும். பணியில் இருக்கும் எல்லாரும் அதையே சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் இருவராகப் போகட்டும். சிரித்து மழுப்புவது நிலைமையை மோசமாக்கும்.

பாலுறவுப் பேச்சை எப்படித் தொடங்குவது என்பதற்கு வழி இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஜாக் ஆனன் 1976இல் முன்வைத்த பிளிசிட் முறைக்கு நான்கு படிகள்: பேச இடம் கொடுப்பது, அடிப்படைத் தகவல் சொல்வது, குறிப்பான யோசனை தருவது, நிபுணரின் விரிவான சிகிச்சைக்கு அனுப்புவது. முதல் இரண்டுக்கும் பாலியல் நிபுணர் தேவையில்லை. பிசியோதெரபிஸ்ட்டே திரையை இழுத்துவிட்டு, "தலையில அடிபட்டவங்களுக்கு தாம்பத்தியத்திலயும் மாற்றம் வரலாம், சந்தேகம் இருந்தா என்கிட்ட கேளுங்க" என்று சொல்லலாம். நோயாளியிடம் தனியாக, துணையிடம் தனியாக. திருமணம் ஆகாதவரிடமும், ஒருபால் உறவில் இருப்பவரிடமும் அதே மரியாதையோடு. நினைவாற்றல் குறைந்தவரின் சம்மதமும், வேண்டாம் என்று சொல்லும் துணையின் உரிமையும் இந்தப் பேச்சில் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, 25ஆம் பிரிவில், பாலியல் நலத்தையும் மருத்துவ சேவையாகவே சொல்கிறது. இந்தியா 2007இல் அதை ஏற்று உறுதி செய்தது. எனவே மருத்துவமனைகள் கேஸ் ஷீட்டில் மலம், சிறுநீர், தூக்கத்துக்கு அடுத்து பாலியல் நலத்துக்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும். மருத்துவ, நர்சிங், பிசியோதெரபி கல்லூரிகள் இதைப் பேசப் பயிற்சி தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.