ஜன்னலைச் சாத்திக்கொண்டு வறுத்த கோழி

வாடகை அறையில் நாங்கள் சமைத்த கோழித்தொடை ஏன் ரப்பராக இருந்தது என்பது வெகுநாள் கழித்தே எங்களுக்குப் புரிந்தது. மணம் கீழ்வீட்டுக்குப் போவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஜன்னலைச் சாத்தி, தீயைக் கூட்டி, அவசர அவசரமாக இறக்கினோம். 'அசைவம் சமைப்பவர்களுக்கு வீடு இல்லை' என்பது யாரைத் தடுக்கச் சொல்லப்படுகிறது என்று உங்களுக்குத் தெரியும், தோழர்களே. இப்போது ஜன்னலைத் திறந்துவைத்தே வறுக்கிறோம். கீழே இருந்து கேட்டார்கள். உங்கள் பெருங்காய மணமும் மேலே வருகிறதே என்றோம்.

தொடைக்கறிக்கு நேரம் வேண்டும். நெஞ்சுக்கறி 74 டிகிரியைத் தாண்டினால் காயத் தொடங்கிவிடும். தொடையோ 74-இல் வெந்திருந்தாலும் எலும்போரம் பல்லில் இழுக்கும். 80, 85 வரை போனால்தான் சவ்வு கரைந்து மெத்தென்று ஆகும். கொஞ்சம் கூடுதலாக வெந்தாலும் கெடாது. போனில் கூட்டத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டே சமைப்பவர்களுக்கு ஏற்ற கறி!

கடையில் தோலை உரிக்கச் சொல்லாதீர்கள். தோலோடு வாங்கினால் விலையும் குறைவு, உருகும் கொழுப்பு கறியைக் காயவும் விடாது. முதல் நாளிரவே உப்பும் மிளகும் தடவி ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃபிரிட்ஜ் இல்லையென்றால் அரைமணி நேரம் ஊறினாலும் போதும். ஈரத்தைத் துடைத்து, ஓவன் இருந்தால் தோல் மேலே இருக்க 200 டிகிரியில் 40 நிமிடம். எங்களிடம் தோசைக்கல்தான். எண்ணெய் இல்லாமல், தோல் கீழே, சிறுதீயில் 20 நிமிடம். திருப்பிப் போட்டு மூடி இன்னொரு 15.

இறக்கியதும் வெட்டாமல் 10 நிமிடம் விடுங்கள். தட்டில் தேங்கும் சாற்றைச் சோற்றில் பிசையலாம். போன ஞாயிறு அறையில் அதற்குத்தான் சண்டை.